முள் இறங்கினால்

மார்ச் 9, ஞாயிறு

நான்காவது சுற்றிலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. வண்டிகள் வந்து நிற்கும் பிட்டின் சுவரோரம் நின்று ரேடியோவில் கத்தினேன். பக்கத்து டீமில் வடை தின்றுகொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கிருபாவுக்கு மட்டும் கேட்கவில்லையாம். இன்னொரு சுற்றும் ஓட்டிவிட்டுத்தான், முகப்பிலிருந்து ஆவி பறக்க, வண்டியை உள்ளே கொண்டுவந்தார்.

"ஏங் கொடி இந்தக் கத்து கத்தற? எனக்கு எஞ்சின் சத்தமே கேக்கல" என்றார் ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

"அம்மணி பேசுனாங்கன்னா எனக்கு ரேடியோவே வேண்டீதில்லீங்க தம்பி" என்று மெக்கானிக் அந்தோணி அண்ணன் தன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். இருவரும் சிரித்தார்கள். நான் ஆவி அடங்கும்வரை முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயத்தை எழுதி வைத்தால் குறையும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். குறைகிறதா பார்ப்போம். நான் வேலை பார்ப்பது பம்ப் கம்பெனியில், சோதனைப் பிரிவில். தண்ணீர் எப்படி ஓடும், எங்கே நிற்கும், எப்போது காலை வாரும் என்பதுதான் என் பிழைப்பு. கிருபாவுக்கு வாரநாளில் நூல் வியாபாரம், ஞாயிற்றுக்கிழமையில் செவலை. செவலை என்பது எங்கள் பழைய செடான் காரின் பெயர். அந்தோணி அண்ணன் தன் ஒர்க்ஷாப்பில் அதற்கு டர்போ பொருத்தி, எஞ்சினின் பலத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார். பலம் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு. ரேடியேட்டர் மட்டும் பழையதே.

போன வருடம் இதே டிராக்கில் ஒருவருடைய எஞ்சின் சூடேறிக் குழாய் வெடித்தது. கொதிக்கிற தண்ணீர் அவருடைய டயருக்கு அடியிலேயே கொட்டி, வண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மனிதர் இன்னமும் தடியூன்றித்தான் நடக்கிறார். அந்த மோதல் சத்தம் கேட்டபோது நான் சுவருக்கு இந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும்போது கிருபாவிடம் சொன்னேன், முள் சிவப்பைத் தொட்டால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று.

"முள் தொட்டா நிறுத்தறேன். தொடாம பாத்துக்கறது உன்ற வேலை. ஆனா முள்ளுக்குத்தான் நிறுத்துவேன், உன்ற பயத்துக்கு இல்ல. உன்ற பயத்துக்கெல்லாம் நிறுத்துனா நான் வீட்ட விட்டே கெளம்ப முடியாது."

சரி என்றேன். மே 11 சென்னையில் இறுதிப் பந்தயம். பன்னிரண்டு சுற்று. மூன்று வருடமாக அந்தப் பந்தயத்தை அவர் ஒரு தடவைகூட முடித்ததில்லை. இதுதான் கடைசி சீசன் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து ஒர்க்ஷாப்புக்குப் போனேன். எஞ்சினைத் திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டையே காணோம். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சின்னக் கதவு அது.

"அதயெல்லாம் நம்மூர்ல எவனுங்க அம்மணி வெச்சிருக்கறான்? நம்மூரே அடுப்பாட்டந்தான் கெடக்குது. கழட்டிப்போட்டா தண்ணி தாராளமா ஓடுமுல்ல" என்றார் அந்தோணி அண்ணன்.

ஊரில் பாதி வண்டிகளில் இதே கதைதான். இந்த எஞ்சினில் அந்தக் கதவு திறக்கும்போதே குறுக்கு வழி ஒன்றையும் மூடும். அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடும். பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு புது தெர்மோஸ்டாட்டை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

ஆறாவது சுற்றில் சிவப்பு. முன்னேற்றம்தான். கத்தினேன். நிறுத்தினார். தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு நாள் முழுக்க ஸ்பாஞ்சும் அலுமினியத் தகடும்தான். ரேடியேட்டரைச் சுற்றி எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் அடைத்தோம். காற்று ஒரு சோம்பேறி. சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் புகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். அதற்கு வேறு வழியே இல்லாமல் செய்ய வேண்டும்.

கிருபா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கொண்டுவந்து முன் கிரில்லில் கட்டினார். ரேடியேட்டருக்குக் காற்று போகிற நேர் வழியில். அவிழ்த்துப் பின்னால் கட்டினேன். "கண்ணு முன்னால இருந்துதானடி படும்?" என்றார். இந்த வண்டிக்குக் கண் படுவதாக இருந்தால் என் கண்தான் படும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது ரேடியேட்டர். பழையதைப் போல் ஒன்றரை மடங்கு தடிமன். அலுமினியம் பளபளவென்று புது ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. எட்டு சுற்று வரை முள் ஒழுங்காக நின்றது. பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் கிருபா ரேடியோவில் முள்ளைப் படிப்பார்: "தொண்ணூத்தெட்டு... நூத்தியொண்ணு... நூத்தியஞ்சு." நூற்றுப் பத்தில் சிவப்பு.  பத்தாவது சுற்றில் உள்ளே வந்துவிட்டார்.

இன்னும் கொஞ்சம்தான் வேண்டும். இதைவிடப் பெரிய ரேடியேட்டர் வைக்க முகப்பில் இடம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் கேன்டீனில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது தோன்றியது. ஹீட்டர்!

எல்லாக் காரிலும் டாஷ்போர்டுக்கு உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் எஞ்சினின் சுடுதண்ணீரை அதற்குள் ஓடவிட்டு, விசிறியைப் போட்டு, உள்ளே இருப்பவர்கள் குளிர் காய்வார்கள். நம் ஊரில் அதை யார் சீண்டுகிறார்கள்? குழாயை மடக்கி அடைத்துவிடுவார்கள். செவலையிலும் அடைத்துத்தான் வைத்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. முகப்பில் இடமே வேண்டாம்.

சாயங்காலம் சொன்னதும் அந்தோணி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "கத்திரி வெயில்ல ஹீட்டர் போட்டு வண்டி ஓட்டற மொத ஆளு நம்ம தம்பியாத்தானுங்க இருக்கோணும்."

"சூடெல்லாம் என்ற மேல வருமே கொடி?" என்றார் கிருபா.

"அரை மணி நேரந்தானுங்க. வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது" என்றேன்.

"அதுவும் சரிதான். எஞ்சின் ஒடம்பு நல்லா இருந்தாச் சரி" என்று கிருபா என் தலையில் தட்டினார். வெகுநாளைக்குப் பிறகு எனக்கும் தைரியமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

ஹீட்டர் குழாய் போட்டாயிற்று. காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சீட்டுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர் பாட்டிலை மாட்டும் இடத்தில்தான் குழாயைத் திருப்ப வேண்டியிருந்தது. பாட்டிலை எடுத்துவிட்டோம். அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாதா என்ன.

ஏப்ரல் 13, ஞாயிறு

பன்னிரண்டு சுற்று! கடைசிச் சுற்றில் தொண்ணூற்றாறு! அந்தோணி அண்ணன் ஸ்பானரைத் தூக்கிப் போட்டு ஆடினார். நான் அழுதுவிட்டேன். ஒரு மாதமாக என் கனவில் வெடித்துக்கொண்டிருந்த குழாய் இன்று வெடிக்கவில்லை.

கிருபா இறங்கச் சற்று நேரமானது. பெல்ட்டின் பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். உடுப்பைக் கழற்றிப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் போல் இருந்தது. டயர் அடுக்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். காலையில் வழியில் தின்ற பரோட்டா. அந்தக் கடையே சரியில்லை என்று நான் அப்போதே சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய் பச்சடி, வடை, பாயசம். மாமியார் வந்திருந்தார். கிருபா எதையும் சரியாகத் தொடவில்லை. தலைவலி என்று மதியம் முழுக்கப் படுத்தே கிடந்தார். உப்புப் போட்டு மோர் கேட்டுக் கேட்டுக் குடித்தார். விடியற்காலையில் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டு அலறியதற்கு நான்தான் நீவிவிட்டேன்.

"ஏம்மா, பையன் ஏனிப்புடி வத்திப்போயிருக்கறான்?" என்றார் மாமியார்.

பந்தயத்துக்காக உடம்பைக் குறைக்கிறார் என்று சொன்னேன். எடை குறைந்தால் வண்டிக்கும் நல்லதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடைசிச் சுற்றில் தொண்ணூற்றைந்து. ஹீட்டர் விசிறியைப் பெரியதாக மாற்றியதில் ஒரு டிகிரி இறங்கியிருக்கிறது.

ஓட்டும்போது கிருபா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. முள்ளை மட்டும் படிக்கிறார். "எத்தனாவது சுத்து கொடி?" என்று ஒரே சுற்றில் இரண்டு தடவை கேட்டார். கவனம் முழுக்க ரோட்டில் இருக்கிறது, நல்லதுதான். கேபினுக்குள் எவ்வளவு சூடு என்று அந்தோணி அண்ணன் கேட்டார். அளந்து பார்க்கவில்லை. சென்சார் எல்லாம் எஞ்சினில் இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தொண்ணூற்று நான்கு. நல்ல நாள். ஓட்டி முடித்துவிட்டு கிருபா வேறு டீமின் இடத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

மே 1, வியாழன்

விடுமுறை நாள், ஆனாலும் ஆபீஸ். அவசர ஆர்டர். சோதனை மேடையில் ஒரு பம்ப் புகைந்து போனது. தண்ணீர் வரத்து நின்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை என்று பார்த்தால், தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் குளுகுளுவென்று கீழே நிற்கிறது. தண்ணீரில் முங்கி இருந்தால்தான் அந்த சென்சார் சூட்டைச் சொல்லும். தண்ணீரே போய்விட்டால் அது வெறும் காற்றில் தொங்கும். முள் இறங்கிவிடும். பார்க்கிறவன் ஆகா குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

 செவலையிலும் இதே கதிதான். இவ்வளவு நாளும் முள் ஏறினால் பயந்தேன். இறங்கினால் சந்தோஷப்பட்டேன்! குழாய் எங்காவது விட்டுப்போய்த் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால், முள் நல்ல பிள்ளையாகக் கீழே நிற்கும். எஞ்சின் உள்ளே இறுகிப்போகும். அந்த வேகத்தில் எஞ்சின் இறுகினால் சக்கரம் நின்றுவிடும். பின்னால் வருகிறவன் நேராக வந்து ஏறுவான்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து கிருபாவுக்குச் சொன்னேன். "முள் மெதுவா ஏறுனா பயமில்லீங்க. அதுக்கு நேரமிருக்குது. திடீர்னு இறங்குச்சுன்னாத்தான் பயப்படோணும். உள்ள ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்."

"எறங்குனாலும் பயம், ஏறுனாலும் பயமா? கட்டிக்கிட்டதுக்கு ஒரு நாள் நிம்மதி குடுடி" என்றார். சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் சட்டென்று கோபம் வருகிறது அவருக்கு.

மஞ்சள் டேப்பில் மார்க்கரால் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிட்டேன்: திடீர்னு இறங்கினா நிறுத்து.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். நீண்ட பயிற்சி. முள் தொண்ணூற்று மூன்று. சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போகிறது என்று கிருபா சொன்னார். வெயில் காலத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். இளநீர் வாங்கி வைத்தேன். குழாய்களின் கிளிப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் நானே இறுக்கினேன். இறுக்கிவிட்டு, மறுபடியும் போய் இறுக்கினேன்.

மே 9, வெள்ளி

லாரியில் செவலை, பின்னால் காரில் நாங்கள் மூவர். சேலம் தாண்டும்வரை கிருபா தூங்கிக்கொண்டே வந்தார். கல்யாண மோதிரம் விரலில் நிற்கவில்லை என்று கழற்றி என்னிடம் கொடுத்தார். என் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கிளிப்புகள்தான்.

மே 10, சனி

தகுதிச் சுற்றில் ஐந்தாவது இடம். இந்தப் பழைய வண்டிக்கு அது பெரிய விஷயம். சென்னை வெயில் நம் ஊர் வெயில் மாதிரி இல்லை, ஈரத் துணியை முகத்தில் போட்டு மூடிய மாதிரி. வேர்வை காயவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் லாட்ஜில் கிருபாவுக்குக் குளிர் எடுத்தது. கை முழுக்க மயிர்க்கூச்செறிந்து கிடந்தது. ஏசியை நிறுத்தினேன், போர்வை போர்த்தினேன். நாளைய பந்தயப் பதற்றம் என்று நினைக்கிறேன். எனக்கே குளிர்கிற மாதிரிதான் இருக்கிறது.

"நாளைக்கு ஓட்டோணுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"முள் எத்தன?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"தொண்ணூத்திமூணு."

"அப்பறமென்ன?"

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

நேற்று பந்தயம் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கவில்லை. டிராக்கில் யாரோ எண்ணெய் சிந்திவிட்டார்கள், அதைத் துடைக்கும்வரை எல்லோரையும் உச்சி வெயிலில் வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கிற வண்டிக்குக் காற்று இல்லை, முள் ஏறும். "ஹீட்டர நிறுத்தாதீங்க, முழுசா வையுங்க" என்று நான்தான் சொன்னேன். வைத்தார்.

பந்தயம் ஆரம்பித்ததும் செவலை பறந்தது. இரண்டாவது சுற்றில் நான்காம் இடம், ஐந்தாவது சுற்றில் மூன்றாம் இடம். அந்தோணி அண்ணன் சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். நான் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டு. எஞ்சின் இவ்வளவு சுகமாக என்றைக்கும் இருந்ததில்லை. எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் பயந்துகொண்டு நின்றேன்.

எட்டாவது சுற்று முடிவில் அவர் எண்ணைச் சொல்லவில்லை.

"முள் எத்தனைங்க?" என்று கத்தினேன்.

குரல் வந்தது. வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"கொடி... குளுருது."

அந்தோணி அண்ணன் சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கிறது. உள்ளே முழு ஹீட்டர், தடித்த உடுப்பு, ஹெல்மெட். அதற்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர் குளிர்கிறது என்கிறார்.

"வேர்க்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. காஞ்சுபோச்சு. நல்லாருக்குது."

அப்போது புரிந்தது. சோதனை மேடையில் புகைந்த பம்ப் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்த மனிதருக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதனால்தான் குளிர்கிறது.

உடனே உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். "முள் நல்லாத்தான இருக்குது? மூணாவது போறனாக்கும்." நேர் ரோட்டில் எங்களைத் தாண்டிப் போனபோது செவலை லேசாகப் புல் பக்கம் சாய்ந்து, திரும்ப ரோட்டுக்கு வந்தது. அடுத்த வளைவில் சுவர் இருக்கிறது. மயங்கினால் அங்கேதான் மயங்குவார். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் நிறுத்தமாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றாலும் நிறுத்தமாட்டார், அது மார்ச் மாதமே பேசி முடித்த விஷயம். அவர் நிறுத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

பொய் சொன்னேன்.

"என்னங்க, வண்டிக்குப் பின்னால தண்ணி கோடு போட்டுட்டே போகுது. ஹீட்டர் குழாய் விட்டுப்போச்சு. எஞ்சின்ல தண்ணியே இல்லீங்க. முள் இப்ப இறங்கும் பாருங்க. இறங்கறதுக்கு முன்னால உள்ள வந்துருங்க."

 அந்தோணி அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அவருக்குத் தெரியும். 

செவலை பிட்டுக்குள் வந்தது. மெதுவாக, ஓரமாக, எங்கள் இடத்தைத் தாண்டிப் போய் டயர் அடுக்கில் முட்டி நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த அனலில் அந்தோணி அண்ணன் ஒரு அடி பின்வாங்கினார். கிருபாவின் கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது. தொட்டால் தோசைக்கல். துளி ஈரம் இல்லை. என்னைப் பார்த்து, "எத்தனாவது சுத்துங்க?" என்று கேட்டார். என்னைப் போய் 'ங்க' போட்டுக் கேட்டார்.

டிராக் டாக்டர் ஓடி வந்தார். உடுப்பைக் கத்தரித்து, டயர் கழுவும் தொட்டியில் படுக்க வைத்து, டீக்கடைகளிலிருந்து வந்த ஐஸை எல்லாம் மேலே கொட்டினார்கள். உடம்புச் சூடு நாற்பத்தொன்றரை என்று டாக்டர் யாரிடமோ சொன்னார். இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்த எண்களிலேயே அதுதான் சின்னது. எல்லா எண்களையும்விட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

இங்கே பெரிய டாக்டர் கேட்டார். "முன்னாடியே ஏதாவது அறிகுறி இருந்துச்சாம்மா? வாந்தி, தலைவலி, தசைப்பிடிப்பு, குழப்பம்? யூரின் கலர் மாறியிருந்துச்சா?"

இல்லை என்றேன்.

மே 13, செவ்வாய்

கிட்னி சரியாக வேலை செய்யவில்லையாம். தசை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதை வடிகட்டத் திணறுகிறது என்றார்கள். ஒரு எண் சொன்னார்கள். அது இறங்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துக்கொண்டு போகும்போது நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். பயத்தை எழுதினால் குறையும் என்று சொன்னவரைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

மே 14, புதன்

எண் இறங்கவில்லை.

மே 15, வியாழன்

கொஞ்சம் இறங்கியிருக்கிறது.  இது நிஜமாகவே நல்ல இறக்கம்தானா என்று கேட்டேன். டாக்டருக்கு என் கேள்வி புரியவில்லை.

அந்தோணி அண்ணன் வந்தார். செவலையை ஊருக்கு அனுப்பிவிட்டாராம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். விளிம்புவரை தண்ணீர்.

"தம்பிகிட்ட நான் ஒண்ணும் சொல்லுலீங்க அம்மணி. கேட்டா குழாய் விட்டுப்போச்சுன்னே சொல்லிப்போடறேன்" என்றார். பிறகு, "ஹீட்டரையும் அடச்சுப்போட்டேன்" என்றார்.

மே 16, வெள்ளி

உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் வெடித்து, கண் குழிந்து, பத்து வயது கூடிப்போய்ப் படுத்திருந்தார். ஆனால் என்னை யாரென்று தெரிந்தது. 'ங்க' போடவில்லை.

"எஞ்சின் போயிருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஐந்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"முள் எறங்கவே இல்ல கொடி. நீ சொன்னதுக்கப்பறமும் பாத்துட்டேதான் வந்தேன். தொண்ணூத்திரண்டுலயே நின்னுச்சு. கண்ணாடிலயும் பாத்தேன். பின்னால தண்ணியுமில்ல, ஒண்ணுமில்ல."

"அப்பறம் ஏன் உள்ள வந்தீங்க?"

 அவருக்குப் பேச இன்னும் சிரமமாக இருந்தது, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"நீ எப்பவும் கத்துவ. பத்து வருசமா கத்தற. அன்னிக்கு... மெதுவாப் பேசுன. பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி. உன்ற சத்தம் திடீர்னு எறங்கிருச்சு." டிரிப் ஏறாத கையை என் பக்கம் நகர்த்தினார். "எறங்குனா நிறுத்துன்னு நீதான எழுதி ஒட்டீருந்த?"

நான் மெதுவாகப் பேசினேன் என்பதே எனக்குத் தெரியாது. கத்தியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்து, இப்படிச் சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று அதட்டினார்.

"இருக்கட்டுங்க சிஸ்டர், திட்டாதீங்க" என்றார் கிருபா கண்ணை மூடிக்கொண்டே. "இதுதான் இவளுக்குச் சரியான அளவு."